ஊருணிக்கு நீர் வரும் வழி: செட்டிநாட்டில் புதிதாகக் குடியேறியவர்கள் ஊர்ப்பணியில் இறங்குவதற்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆண்டுதோறும் புதியவர்கள் வந்து குடியேறுகிறார்கள். 1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கும், 1985 இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கு வருபவர்கள், வங்கிப் பணி மாறுதலில் வருபவர்கள், ஓய்வுக்காலத்தைச் சிறிய ஊரில் கழிக்க நினைப்பவர்கள், பழைய வீடுகளை விடுதியாக நடத்த வருபவர்கள் எனப் பல வகையினர். வந்து சில மாதங்கள் ஆனதும் அவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்வி: "தெருக்கோடியில் இருக்கும் ஊருணி இப்படிப் பாழாகக் கிடக்கிறதே, இதை யாரிடம் சொல்வது?"

அந்தக் கேள்விக்கான விடையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். ஊருணியை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், குப்பை, தெருவிளக்கு, பள்ளிக்குப் போகும் சாலை என்று எதற்காக ஊரைத் திரட்டினாலும் வழி பெரும்பாலும் இதுதான். நானும் வெளியூரிலிருந்து வந்தவன். முதல் ஆண்டில் நான் தனியாக ஒரு மனு எழுதி அனுப்பினேன். அது இரண்டு அலுவலகங்கள் சுற்றி, "இப்பொருள் இவ்வலுவலகத்துக்கு உரியதன்று" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. அதில் புல எண் (நிலத்தின் அளவை எண்) இல்லை, ஊராரின் கையெழுத்து இல்லை, எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்ற தெளிவும் இல்லை. கீழே சொல்லப்படுபவை அந்த மனுவில் இல்லாமல்போன மூன்றையும் தேடிக்கொள்ளும் வழிகளே.

முதலில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கட்டும்

கிராம சபையில் உறுப்பினராக இருப்பதற்கு ஒரே தகுதி, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதுதான். வீடு வாங்கியிருந்தாலும், வரி கட்டியிருந்தாலும், பெயர் இன்னும் பழைய ஊரின் பட்டியலில் இருந்தால் இந்த ஊரின் சபையில் நீங்கள் விருந்தினரே. ஆகவே குடிவந்தவுடன் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, நீங்கள் எந்த உள்ளாட்சியின் கீழ் வசிக்கிறீர்கள் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். செட்டிநாட்டில் இது அடிக்கடி குழப்பம் தருகிறது. ஆத்தங்குடி ஊராட்சி, கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் புதுவயலும் பேரூராட்சிகள், தேவகோட்டை நகராட்சி, காரைக்குடி 2024 இல் மாநகராட்சியானபோது சுற்றியிருந்த சில உள்ளாட்சிகளும் அதனோடு சேர்ந்தன. ஊராட்சியாக இருந்தால் கிராம சபை. நகர்ப்புறமாக இருந்தால் வார்டு குழுவும் பகுதி சபையும். மேலும், செட்டிநாட்டின் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்னும் இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடப்பதால், பக்கத்து ஊர்க்காரர் சென்ற ஆட்சியர் அலுவலகமே உங்களுக்கும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம்.

பேசுவதற்கு முன் கேளுங்கள்

ஊருணியைப் பற்றி அதிகம் அறிந்தவர்கள் அலுவலகத்தில் இல்லை. எந்த ஆண்டு கடைசியாக நிரம்பியது, குடிநீர் எடுக்கும் ஊருணி எது, குளிக்கவும் மாடு குளிப்பாட்டவும் விட்ட குளம் எது, தண்ணீர் எந்தப் பக்கமாக வந்தது என்பதையெல்லாம் குடத்தோடு படியிறங்கிய ஆச்சிமாரும், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய பெரியவர்களும், ஆடு மேய்ப்பவர்களும் நினைவில் வைத்திருக்கிறார்கள். முதல் ஒரு மாதம் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டு மூதாட்டியை "ஆச்சி" என்றும், மற்றப் பெரியவர்களை "ஐயா", "அம்மா", "அண்ணே", "அக்கா" என்றும் அழைத்துப் பேசுவது இங்கே இயல்பு. ஆலோசனை சொல்லும் தொனியில் தொடங்காதீர்கள், "இதற்கு என்ன பெயர், யார் வெட்டியது?" என்று தொடங்கினால் பேச்சு தானாக விரியும்.

ஊரில் ஏற்கெனவே அமைப்புகள் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. நாட்டார் கூட்டம், ஊர் அம்பலம், நகரத்தார் சங்கம், கோயில் திருவிழாக் குழு, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் தனித்தனி வரலாறும் மரியாதையும் உண்டு. புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி வைத்துப் பணம் திரட்டவும், கணக்கை எழுதி வைத்து ஊர்முன் படிக்கவும் இந்த ஊர்கள் நெடுங்காலமாகப் பழகியவை. புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கிப் பலகை மாட்டுவதைவிட, இருக்கும் இந்த அமைப்புகளை ஒரே விரிப்பில் உட்கார வைப்பதே பலன் தரும். பதிவு பெற்ற சங்கம் பின்னால் தேவைப்பட்டால், 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்துகொள்ளலாம், அவசரமில்லை.

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். ஊருணி எல்லாருக்கும் ஒன்றுபோலத் திறந்திருந்த இடமாக எப்போதும் இருந்ததில்லை. சில படித்துறைகளில் சிலரை இறங்கவிடாத காலம் இருந்தது. அந்த நினைவு ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் இன்னும் வலியோடு இருக்கிறது. கூட்டத்தை ஒரு கோயில் மண்டபத்திலோ ஒருவர் வீட்டு முகப்பிலோ வைத்தால், அங்கே வரத் தயங்குபவர்கள் வராமலே போவார்கள். வராதவர்களின் சம்மதம் இல்லாமல் ஊர்ப்பணி என்ற சொல்லுக்குப் பொருளில்லை. ஆகவே பள்ளி வளாகம், ஊர்ப் பொட்டல், ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடத்தையே தேர்ந்தெடுங்கள். ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு ஆள் அனுப்பி அழைக்காமல், நீங்களே நேரில் சென்று அழையுங்கள். பேச்சுப் பட்டியலில் அவர்களுடைய குடியிருப்பின் தேவையும் முதலிலேயே இடம்பெறட்டும்.

நீரின் வழியை நடந்து பாருங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஊருணியின் உள்ளே நின்று பார்க்கிறார்கள்: முள், குப்பை, இடிந்த படி. அவற்றைச் சுத்தம் செய்துவிட்டால் தண்ணீர் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். ஆனால் என் அனுபவத்தில், வறண்டு கிடக்கும் ஊருணியின் நோய் பெரும்பாலும் ஊருணிக்குள் இருப்பதில்லை. அரை மைலோ ஒரு மைலோ தள்ளி, நீரைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக் காலில் இருக்கிறது.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைப் பிடித்து வைத்துத்தான் ஆண்டு முழுவதையும் ஓட்டியாக வேண்டியிருந்தது. வீடுகளின் ஓட்டுக்கூரை மழைநீரை முற்றத்தில் இறக்கிப் பாத்திரங்களில் பிடித்ததும், தெருக்களின் சரிவு மிச்ச நீரை ஊருணிக்குக் கொண்டுபோனதும், மேட்டுநில நீர் செம்பராங்கல் பொட்டல்களில் வழிந்து வரத்துக் கால்வழியே வந்ததும், நிரம்பிய நீர்நிலை மிகுநீரைக் கலிங்கு என்னும் வடிகால் வழியாக அடுத்த கண்மாய்க்கு விட்டதும் எல்லாம் சேர்ந்த ஒரே ஏற்பாடு. 2014 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டின் ஊர்த்தொகுதிகள் சேர்ந்தன. மாளிகைகளை மட்டும் காத்து இந்த நீரமைப்பை விட்டுவிட்டால், அந்த ஊர்களின் பாதி அறிவை இழந்துவிடுவோம் என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே ஒரு நாள் காலையில் மூன்று நான்கு பேராக, ஊர்ப் பெரியவர் ஒருவரையும் உயர்நிலைப் பள்ளி மாணவர் இருவரையும் சேர்த்துக்கொண்டு, ஊருணியின் நீர்வரும் வாயிலிருந்து மேல்நோக்கி நடக்கத் தொடங்குங்கள். கைப்பேசியில் இடம்காட்டியை இயக்கிவைத்து, தடைபடும் ஒவ்வொரு இடத்திலும் நின்று படம் எடுத்து, அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். புதுச் சாலை போட்டபோது குழாய் வைக்காமல் மூடிய பாலம், வீட்டு மனைக்காக மண்கொட்டி நிரவிய வாய்க்கால், சீமைக்கருவேலம் அடைத்த ஓடை, கழிவுநீர் வந்து சேரும் இடம் ஆகியவை பொதுவாகக் கண்ணில் படும். இயன்றால் மழை பெய்துகொண்டிருக்கும்போதே இன்னொரு முறை நடங்கள். எந்த வரைபடமும் காட்டாததை ஓடும் நீர் அரை மணி நேரத்தில் காட்டிவிடும்.

ஆவணங்களைத் தேடுதல்

நடந்து பார்த்ததை இனி தாளில் உறுதி செய்ய வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டுள்ளது என்று பாருங்கள்: ஊருணி, குளம், வாய்க்கால் என்றோ நீர்நிலைப் புறம்போக்கு என்றோ இருக்கும். புலப்பட வரைபடத்தில் அதன் எல்லையும் அளவும் கிடைக்கும். 'அ' பதிவேட்டு விவரத்தை அரசின் நிலஆவண இணையதளத்திலும் பார்க்கலாம். வரத்துக் காலின் ஒவ்வொரு புல எண்ணையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மனு நிற்பதும் விழுவதும் இந்த எண்களில்தான்.

யாருடைய பொறுப்பு என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். ஊருணியும் சிறு குளங்களும் பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பு. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துக்கும், அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறைக்கும் உரியது. கோயிலுக்குரிய குளமாக இருந்தால் இந்து சமய அறநிலையத் துறையையோ, கோயிலை நிருவகிக்கும் அறக்கட்டளையையோ அணுக வேண்டும். சில ஊருணிகள் ஒரு குடும்பம் வெட்டி ஊருக்கு விட்டவை; அவற்றில் அந்தக் குடும்பத்தாரிடம் எழுத்தில் சம்மதம் பெற்றுவிடுவது பிற்கால மனக்கசப்பைத் தவிர்க்கும்.

கேட்டும் கிடைக்காத ஆவணத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. உரிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்; வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், விளக்கம் தரும் கடமை அவர்களுக்கு இல்லை என்று பதில் வரும். "இந்தப் புல எண்ணில் கடந்த ஐந்து ஆண்டுகளில் நடந்த பணிகளின் மதிப்பீடு, அளவுப் புத்தக நகல் ஆகியவற்றைத் தருக" என்பதுபோல ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கிராம சபையில் தீர்மானம் பெறுதல்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலக நீர் நாள் என்பதால் ஊருணிப் பேச்சுக்கு அது பொருத்தமான நாள். சபை செல்லுபடியாகக் குறைந்த அளவு வருகை தேவை. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கையை நிரப்புவதுதான் ஊரைத் திரட்டுபவரின் உண்மையான வேலை. கூட்டம் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களின் கையெழுத்தால் மட்டும் நிரம்பி, பேச்சின்றி முடிந்துவிடும் ஊர்கள் உண்டு. அங்கே இருபது பேர் ஒரே பொருளைப் பற்றி ஆயத்தமாகப் பேசினாலே சபையின் போக்கு மாறுகிறது.

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே உங்கள் பொருளை எழுத்தில் ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் பெறுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடம் கொடுக்க வேண்டும். சிவகங்கை உள்ளிட்ட மாவட்டங்களில் 2025 ஜனவரியில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தபோது இந்த நிலைதான் ஏற்பட்டது. தீர்மானத்தின் வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். "ஊருணியைச் சீரமைக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அது பதிவேட்டில் உறங்கும். "இன்ன கிராமம், இன்ன புல எண்ணிலுள்ள ஊருணியின் வரத்துக் காலை, இன்னின்ன புல எண்களில், நில அளவர் மூலம் அளந்து எல்லைக்கல் நட வேண்டும் என்று வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்வதெனவும், தூர்வாரும் பணியை வரும் ஆண்டின் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்ப்பதெனவும் இச்சபை தீர்மானிக்கிறது" என்று எழுதினால், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.

கூட்டத்தில் பேசுபவர் நீங்களாக இருக்க வேண்டாம். நடந்து பார்த்த பெரியவர் ஒருவர், ஒரு பெண், ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து ஒருவர், மாணவர் ஒருவர் பேசட்டும். நீங்கள் படங்களையும் எண்களையும் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். தனிப்பட்ட ஒருவர் ஆக்கிரமித்திருக்கிறார் என்று சபையில் பெயர் சொல்லிப் பேசினால் அன்றைய கூட்டம் அந்தச் சண்டையோடு முடிந்துவிடும். அளவீடு நடக்கட்டும் என்று மட்டும் கேளுங்கள். அளந்த கல்லே மற்றதைச் சொல்லும். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டு வாசிக்கப்படும்வரை யாரும் கலைந்துபோக வேண்டாம். பேசியது ஒன்று, பதிவானது வேறொன்று என்ற வருத்தத்தை நான் ஒருமுறை பட்டிருக்கிறேன்.

மனுவும் பின்தொடர்தலும்

தீர்மான நகலையும் படங்களையும் புல எண்களையும் இணைத்து, ஒன்றரைப் பக்கத்துக்கு மிகாமல் மனு எழுதுங்கள். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஐந்தாறு பேர் நேரில் சென்று கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்று வாருங்கள். வயலுக்குப் பாயும் கண்மாய் என்றால் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டமும், நில எல்லைச் சிக்கல் என்றால் ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்த் தீர்வாயமும் (ஜமாபந்தி) பயன்படும். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்.

மாதத்தின் முதல் வாரத்தில் இருவர் அலுவலகத்துக்குச் சென்று, மனு யார் மேசையில் இருக்கிறது என்று பணிவாகக் கேட்டு, விடையை நோட்டில் எழுதி வாருங்கள். அலுவலர்களோடு பகைமை கொள்ளத் தேவையில்லை. ஊர் ஒற்றுமையாக நிற்கிறது என்று தெரிந்தால், நல்ல அலுவலருக்கு அதுவே துணையாகிறது. ஆக்கிரமிப்பை அகற்ற 1905 ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் அறிவிப்பு அனுப்பும் நடைமுறை வருவாய்த் துறைக்கு உண்டு. எல்லா வழியும் அடைபட்டால் மதுரையிலுள்ள உயர்நீதிமன்றக் கிளையை நாடலாம். ஆனால் ஏழைக் குடும்பத்தின் குடிசை வாய்க்காலின் மீது இருந்தால், மாற்று இடம் கேட்டு அவர்களுக்காகவும் அதே மனுவில் எழுதுவது ஊரின் கடமை.

வெளியூரில் வாழும் ஊர்க்காரர்களும் பணமும்

செட்டிநாட்டின் தனித்தன்மை, ஊரில் இருப்பவர்களைவிட ஊரை விட்டுப் போனவர்கள் மிகுதி என்பது. பூட்டிய வீட்டின் சொந்தக்காரர் சென்னையிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஆனால் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பிள்ளையார் நோன்புக்கும் சிவராத்திரிக்கும் வருவார். அந்த நாள்களில் வீட்டில் விருந்தினர் கூட்டமாக இருப்பதால் நீண்ட பேச்சு எடுபடாது. மாலையில் அவரை ஊருணிக் கரைக்கு அழைத்துப்போய்ப் பத்து நிமிடம் நிற்கச் செய்தால் போதும். தன் அப்பத்தா தண்ணீர் எடுத்த படியைக் கண்டவர், வரைபடத்தையும் தானே கேட்டு வாங்கிப் பார்க்கிறார்.

பணம் கேட்பதற்கு முன், அரசின் நமக்கு நாமே திட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டின் குறிப்பிட்ட பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும் திட்டம் அது. பங்கின் விகிதத்தை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் எழுத்தில் பெற்று நன்கொடையாளரிடம் காட்டுங்கள். தனி ஒருவரின் கணக்கில் ஒரு ரூபாய்கூடப் பெற வேண்டாம். மூவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கைத் தொடங்கி, வரவு செலவைத் தேநீர்ச் செலவுவரை எழுதி, மாதந்தோறும் ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். பெரிய தொகை கொடுத்தவரின் பெயரையும், நான்கு நாள் மண்சுமந்தவரின் பெயரையும் ஒரே பட்டியலில் எழுதுங்கள்.

வேலை நாள்கள்

பங்குனி முதல் ஆவணி வரையிலான வறண்ட மாதங்களே தூர்வாரும் காலம். ஊராட்சியின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்ணும் எடுக்கக் கூடாது. வண்டல் மண்ணை விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் எடுத்துச் செல்ல வட்டாட்சியரிடம் அனுமதி பெறலாம். லாரியில் மண் விற்பனைக்குப் போகிறது என்ற பேச்சு ஒருமுறை எழுந்துவிட்டால் ஊரின் நம்பிக்கை திரும்புவது கடினம். எந்திரம் வைத்து ஆழமாகத் தோண்டச் சிலர் சொல்வார்கள். அதை ஏற்க வேண்டாம். ஊருணியின் அடியில் படிந்த களிமண் படுகைதான் நீரைத் தாங்குகிறது. அதைக் கிழித்துவிட்டால் நிரம்பிய தண்ணீர் சில வாரங்களில் கசிந்து இறங்கிவிடும். வண்டல் எங்கே முடிந்து களி எங்கே தொடங்குகிறது என்று பார்க்க, அனுபவமுள்ள மண்வெட்டுக்காரர் ஒருவரை எந்திரத்தின் பக்கத்திலேயே நிறுத்துங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு பறிக்க வேண்டும், வெட்டினால் துளிர்த்துவிடும். இடிந்த செம்பராங்கல் கட்டைச் சிமெண்டால் மூடாமல், கிடைக்கும் பழைய கல்லைக் கொண்டே அடுக்கச் சொல்லுங்கள். மாணவர்களின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமைக் கேட்டுப் பெறலாம். ஆனால் கண்ணாடித் துண்டும் ஊசியும் கிடக்கும் இடங்களில் அவர்களை இறக்காதீர்கள்.

வரத்துக் காலின் வேலை புரட்டாசிக்குள் முடிந்துவிட வேண்டும். ஊருணியின் உள்ளே ஒரு படி மிச்சமிருந்தாலும் பரவாயில்லை. கால் அடைபட்டிருந்தால் அந்த ஆண்டு மழை முழுவதும் வேறு பக்கம் போய்விடும்.

ஐப்பசியில் முதல் கனமழை இறங்கும் இரவுக்காக, மண்வெட்டியும் கைவிளக்கும் வைத்துக்கொண்டு நான்கு பேரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். புதிதாக வெட்டிய காலில் முதல் நீர் குப்பையையும் தழையையும் அடித்துக்கொண்டு வந்து பாலத்தின் வாயை அடைக்கும். அப்போது அங்கே நின்று விலக்கிவிட ஆள் வேண்டும். விடிந்ததும் ஊருணியின் கற்படியில் நீர் எத்தனையாவது படியைத் தொட்டிருக்கிறது என்று எண்ணி, தேதியோடு அந்த நோட்டில் எழுதி வையுங்கள். நவம்பர் 1 கிராம சபையில் முதலில் வாசிக்க வேண்டியது அந்த வரிதான்.